பதினாறாம் சேனல்

சீட்டுப் பணம் பதினாறாயிரத்து நானூறு
பூமயிலின் ஹார்லிக்ஸ் பாட்டிலில்.
ஏழு பேர் போவதாகப் பேச்சு. போனது ஐந்து.
அமலோற்பவத்துக்குக் காய்ச்சல்.
காளிமுத்தம்மாள் மகளுக்கு விடியற்காலையிலேயே வலி கண்டுவிட்டது.

பாம்பனில் வலையும் நங்கூரமும் இன்ஜின் ஆயிலும் விற்கிற கடை.
அஸ்கர் இரண்டு வாக்கிடாக்கியை மேசையில் நிறுத்தினான்,
ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சள்.
'ரெண்டுலயும் ஜிபிஎஸ் உள்ளயே இருக்கு.
கறுப்புல ஸ்கிரீன் பெருசு, மேப் தெரியும்,
பதினெட்டு மணி நேரம் சார்ஜ் நிக்கும்.'
விலையும் சொன்னான்.
பூமயில் பாட்டிலை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

நாங்கள் வேறு கேள்விகளோடு போயிருந்தோம்.
நம்புச்செல்வி பையிலிருந்து துணிக்கிழிசலை எடுத்து
விரல் விரலாகச் சுற்றினாள்.
பாசி பறிக்க இறங்குமுன் சுற்றுகிற அதே சுற்று,
முடிச்சைப் பல்லால் இறுக்கி.
கையை வாளியில் முக்கி
ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினாள்.
கறுப்பில் ஒரே அமுக்கில் மூன்று பொத்தான் இறங்கியது.
அபாயப் பொத்தானுக்கு மேல் ஒரு மூடி,
நகத்தால் நெம்ப வேண்டுமாம்.
எங்களில் யாருக்கு நகம் இருக்கிறது?
பார் தின்றுவிட்டது பத்தையும்.

மஞ்சளை ராக்கு கேட்காமலே வாளிக்குள் போட்டாள்.
அஸ்கர் 'அக்கா!' என்று கத்தியதும்
அது முங்கி, கொஞ்சம் யோசித்து,
மல்லாந்து மேலே வந்ததும் ஒரே நேரத்தில்.

கடைக்குள் எண் வரவில்லை. தகரக் கூரை.
'வானம் தெரியணும்' என்றான்.
ரோட்டுக்கு வந்தோம். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது.
நாற்பது எண்ணுவதற்குள்
ஒன்பது பாகை பதினாறு,
எழுபத்தொன்பது பாகை பன்னிரண்டு,
புள்ளிக்குப் பின்னால் இன்னும் மூன்று இலக்கம்.
கதவிலக்கம் இல்லாத வீட்டுக்காரிகள்
ஒருத்தி தோளுக்கு மேல் ஒருத்தி எட்டிப் பார்த்தோம்.
கடைசி இலக்கம் மட்டும் நிற்கவில்லை.
ஏழு, எட்டு, ஏழு, ஐந்து.
'நாம அசையலையே' என்றேன்.
'தரையிலயும் நீவாடு ஓடுது போல' என்றாள் ராக்கு.

பிறகு அவளே, குரலை இறக்கி:
'இதுல பேசுனா யாருக்கெல்லாம் கேக்கும்?'

'பதினாறாம் சேனல்ல எல்லாருக்கும்.
போட்டு, கப்பல், கோஸ்ட் கார்டு...'

'வனத்துறை?'

'செட்டு வச்சிருந்தா அவங்களுக்கும்தான்.'

ஐந்து பேரும் ரோட்டைப் பார்த்தோம்.

ஒரு தீவுக்குத் தெற்கே, பெயர் சொல்ல மாட்டேன்,
மார்பளவுத் தண்ணீரில் பாசி அடர்ந்த ஓர் இடம்.
புருஷன்மாருக்கும் தெரியாது.
போன ஆவணியில் அங்கேதான் பூமயிலைத் திருக்கை முள் குத்தியது.
செல்போன் இலங்கைக்கு நல்வரவு சொன்னது.
கபிரியேலின் வல்லம் திரும்பி வரும்வரை
மாற்றி மாற்றி அவளைத் தாங்கி நின்றோம்,
உச்சி வெயிலிலிருந்து
பாலத்தில் விளக்கு எரிகிற நேரம் வரை.
நடுவில் ஒருமுறை
தூரத்தில் வனத்துறைப் படகு போனது.
கூப்பிடலாமா வேண்டாமா என்று
நாங்கள் பேசி முடிப்பதற்குள்
போய்விட்டது.

இதை அஸ்கரிடம் யாரும் சொல்லவில்லை.

'நாம இருக்கிற எடத்தை இது தானா சொல்லிருமா?'
கேட்டது பூமயில்.
'இல்லக்கா. அந்தச் சிவப்பை
அஞ்சு நொடி விடாம அழுத்துனாத்தான்.'
'அதுவரைக்கும்?'
'ஒங்களுக்கு மட்டும் காட்டும்.'
'வாயடக்கம் உள்ளதுதான்' என்று
பாட்டில் மூடியைத் திருகினாள்.

மஞ்சள். பதினாலாயிரத்து எழுநூறு,
கழுத்தில் மாட்டக் கயிறு இலவசம்.

ஷேர் ஆட்டோவில் சின்னப்பாலம் வரை
யார் வீட்டில் சார்ஜ் போடுவது என்று சண்டை.
பூமயில் அதில் சேரவில்லை.
முழங்காலில் கட்டைவிரலை ஊன்றி
உதடு அசைய எண்ணிக்கொண்டு வந்தாள்.
நாலில் விரலை எடுத்தாள்.
சேலையில் துடைத்தாள்.
மறுபடி ஒன்றிலிருந்து.